பூதிகோட்டை ரோட்டில் என் கையை நிறுத்திக் கொடுத்த தாய்

என் கணவரின் இடது கால் ஒரு வேனுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அந்த வேனை மேலே இழுக்கிற விஞ்சின் சுவிட்ச் என் கையில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட நான் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் விளக்குப் பூஜையில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா தங்கைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டு வருஷமாகக் கேட்கிறீர்கள். பாதியில் அழுதுவிடுவேன் என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கிற நந்திதுர்க் மைன் லைனில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் தேவராஜ் மைனில் ஃபிட்டராக இருந்தார். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் ஆட்கள் போகிற கூண்டை ஏற்றி இறக்குகிற இரும்பு ரோப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வேலையை விட்டு வந்த பிறகு பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் முன்பக்கத்தில் கரண்ட் விஞ்ச் ஒன்றைப் பொருத்தினார். ஜீப் பேட்டரியில் ஓடுகிற மோட்டார், அதோடு ஒரு டிரம், டிரம்மில் சுற்றிய இரும்பு ரோப், ரோப்பின் நுனியில் கொக்கி. நீள ஒயரில் ஒரு சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் ரோப் டிரம்மில் சுற்றிக்கொண்டு வரும், விட்டால் அப்படியே பிடித்து நிற்கும். பள்ளத்தில் இறங்கிய லாரியோ சேற்றில் புதைந்த டிராக்டரோ, எதுவானாலும் ராபர்ட்சன்பேட்டையில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

சாப்பிடும்போதுகூட அவருக்கு அந்தப் பேச்சுதான். இழுக்கிற ரோப்புக்கு நேராக நிற்கக் கூடாது. வெறுங்கையால் ரோப்பைத் தொடக் கூடாது. மோட்டாரை விடாமல் ஓட்டக் கூடாது. எனக்கு எரிச்சலாக வரும்.

"இன்னாங்க, ரோப்பப் பத்திப் பேசாம ஒரு வாய் துன்ன மாட்டீங்களா?" என்பேன்.

"அந்த ரோப்ப நம்பித்தாம்மா அத்தினி பேரு பூமிக்குள்ள போயி வந்தாங்க. அத்த மதிக்காதவன் என் ஜீப்புகிட்ட வரவே கூடாது" என்பார்.

சாமி விஷயத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மட்டும் கோயிலுக்குப் போவேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

1998, ஐப்பசி மாதம். ஒரு வாரமாக மழை. பூதிகோட்டையில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, மத்தியானம் சாப்பிட்டு, நாங்கள் இருவரும் ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு தக்காளி வேன் ரோட்டை விட்டு வழுக்கி, மூக்கு கீழேயும் முதுகு மேலேயுமாகச் சரிவில் நின்றிருந்தது. டிரைவர் வெங்கடேஷ் எப்படியோ வெளியே வந்துவிட்டான். ரோட்டில் நின்று கையாட்டினான். சரிவு முழுக்கத் தக்காளி சிதறிக் கிடந்தது.

கணவர் ஜீப்பை வேனுக்கு நேராக நிறுத்தினார். சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார். ரோப்பை இழுத்து வேனின் பின்பக்கம் வரை விட்டார். கொக்கியை மாட்டவில்லை. சுவிட்ச் ஒயரை விஞ்சிலிருந்து கழற்றி சீட்டின் மேல் வைத்தார். "கொக்கி மாட்டி, நான் மேல வர்ற வரைக்கும் யாரும் இத்த சொருகக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். பிறகு வேனின் முன்சக்கரத்தை எது தடுக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கினார்.

அவர் குனிந்து பார்க்கும்போதே மண் இளகியது. வேன் ஒரு முழம் கீழே வந்தது. அவர் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வேனின் முன்பக்கம் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே பாறையோடு சேர்த்து அழுத்திவிட்டது.

அதற்குள் அந்த வழியாக வந்த பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேனைத் தூக்கு என்றார் ஒருவர், தள்ளு என்றார் இன்னொருவர். வெங்கடேஷ் கொக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வேனின் பின்பம்பரில் மாட்டினான்.

"மாட்டிட்டேன் அக்கா! இழு!"

"இழும்மா! இன்னாம்மா பாத்துனு கீறே, இழு!" என்று கூட்டம் கத்தியது.

நான் ஒயரைச் சொருகினேன். எதையும் பார்க்கவில்லை. சுவிட்சை அழுத்தினேன். ரோப் தரையிலிருந்து எழும்பி விறைத்தது. தகரம் கிழிகிற சத்தம். பம்பர் பிய்ந்தது. கொக்கி காற்றில் பறந்து வந்து ஜீப்பின் விளக்கில் மோதியது. கண்ணாடித் தூள் என் புடவை மேல் விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரம். அந்த நேரம் ரோப்புக்கு நேராக யாரும் நிற்காதது எந்தப் புண்ணியமோ தெரியாது.

வேன் இன்னும் நான்கு விரல் கீழே இறங்கியது. கீழேயிருந்து அவர் கத்தினார். நான்தான் இறக்கினேன். இந்தக் கைதான்.

சுவிட்சைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப் போய்விடலாமா என்று தோன்றியது. உண்மையைத்தான் சொல்கிறேன், தோன்றியது. அப்புறம் அம்மனைக் கூப்பிட்டேன். தீச்சட்டி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன், வெள்ளியில் கால் செய்து போடுகிறேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வேண்டினேன். மனம் அடங்கவில்லை. என் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டே இருந்தன. மடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

கடைசியில் வேண்டுதல் எல்லாம் தீர்ந்துபோயிற்று. இவ்வளவுதான் கேட்டேன்: "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. இந்தக் கைய மட்டும் நிறுத்திக் குடு."

ஆகாயத்தில் எதுவும் தெரியவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கை நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது போல நின்றது. நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழேயிருந்து அவர் கூப்பிடுவது காதில் விழுந்தது. அதற்கு முன்னாலும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கஸ்தூரி! இங்க வா. பக்கவாட்டுல எறங்கி வா."

இறங்கினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"கொக்கிய எங்க மாட்டுனாங்க?"

"பின்னால பம்பர்ல."

"பம்பர் சொம்மா தகரம். அடியில சேசிஸ் கட்டை கீது. அதுல நம்ம ஜீப்புல கீற சங்கிலியச் சுத்தி, சங்கிலியில கொக்கிய மாட்டு. டிரம்முல எத்தினி சுத்து மிச்சம் கீது?"

"பாக்கலங்க."

"அஞ்சு சுத்தாவது இருக்கணும். இல்லேன்னா ரோப் டிரம்முலேருந்து பிடுங்கினு வந்துடும். இன்ஜின ஓடவுடு, பேட்டரி இறங்கிடும். பானெட்டத் தூக்கி வெச்சிட்டு அதுக்குப் பின்னால நில்லு. ரோப் மேல ஈரச் சாக்கு போடு, அறுந்தாலும் பறக்காது." கண்ணை மூடித் திறந்தார். "நான் கத்துனாலும் நீ அவசரப்படக் கூடாது. தெரிதா?"

"தெரிதுங்க."

அதோடு தலை சாய்ந்துவிட்டது. கன்னத்தைத் தட்டினேன். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

மேலே ஏறி வந்தேன். இனிமேல் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

டிரம்மைப் பார்த்தேன். மூன்று சுற்றுதான் இருந்தது. முதலில் இழுத்தபோதே எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. ஒயரைக் கழற்றினேன். வெங்கடேஷிடம் ஜீப்பை ஐந்தடி முன்னால் கொண்டுவரச் சொன்னேன். அவன் சக்கரத்துக்கு மறுபடி கல் வைத்தான். அவருடைய தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு ரோப்பை முழுக்கத் தடவிப் பார்த்தேன். இழை எதுவும் பிய்ந்திருக்கவில்லை. தொளதொளத்த ரோப்பைக் கையாலேயே டிரம்மில் வரிசையாகச் சுற்றினேன். ஏழு சுற்று வந்தது. வெங்கடேஷ் பக்கவாட்டில் படுத்து சேசிஸில் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மாட்டினான். நானும் போய்க் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் வந்தேன்.

கூட்டத்தைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தள்ளிப் போங்கள் என்றால் போகவில்லை. ரோப்பைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஒருவர் அதன் மேல் கால் வைத்து நின்றார். என் குரல் எடுபடவே இல்லை.

அப்போது ஆடு மேய்க்கிற ஒரு பெண் அந்தப் பக்கத்துச் சரிவில் ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் நீளக் கோல். நான் கத்துவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள்.

"ஹிந்தக்கே ஹோக்ரீ! ஹிந்தக்கே!"

பின்னால் போங்கள் என்று கன்னடத்தில் அதட்டி, ஆட்டு மந்தையை ஒதுக்குவது போலத்தான் ஒதுக்கினாள். எல்லோரும் பின்னால் போனார்கள். வேனிலிருந்து சிதறிக் கிடந்த தக்காளிச் சாக்குகளை எடுத்து ரோட்டோரக் கால்வாயில் நனைத்து, நான் காட்டிய இடத்தில் ரோப்பின் மேல் போட்டாள். அப்புறம் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீவு எளீரி அக்கா. நானு நோட்கொத்தீனி."

நீங்கள் இழுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்ஜினை ஓடவிட்டு ஒயரைச் சொருகினேன். தூக்கி வைத்த பானெட்டுக்குப் பின்னால், ஒயர் எட்டுகிற தூரத்தில், ஒதுங்கி நின்றேன். அழுத்தினேன். ரோப் விறைத்ததும் விட்டேன். கொக்கியைப் பார்த்தேன். சங்கிலியைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். வேன் முனகியது. ஒரு சாண் ஏறியது. விட்டேன். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. வெங்கடேஷ் பக்கத்திலிருந்து நீளக் கட்டையால் சக்கரத்துக்குக் கீழே கல்லைத் தள்ளினான்.

இப்படி நான்கு முறை. மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்று பின்னாலிருந்து சத்தம்.

வெங்கடேஷ் அழுதேவிட்டான். "அக்கா, அண்ணனுக்கு ஏதாவது ஆயிடும். இழு அக்கா!"

"மோட்டர் எரிஞ்சிட்டா வேன் அங்கயேதான் நிக்கும். அப்புறம் எத்த வெச்சி இழுப்பே? சொம்மா இரு."

நான்தானா பேசியது என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கீழே என் புருஷன் நினைவில்லாமல் கிடக்கிறார். மேலே நான் ஒரு மோட்டார் ஆறட்டும் என்று நிற்கிறேன். மழை தூற ஆரம்பித்தது. மண் இன்னும் இளகினால் என்ன செய்வது? கல் நழுவினால்? ரோப் தாங்காவிட்டால்? ஒவ்வொரு நினைப்பாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் கை மட்டும் நடுங்கவில்லை. சுவிட்சைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

மோட்டார் ஆறியது. அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். வேனுக்கும் பாறைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பஸ்ஸில் வந்த இரண்டு பேர் அவரைத் தூக்க ஓடினார்கள்.

"நில்லுங்க! கல்லு வெச்சப்புறந்தான் ஆளு உள்ள போவணும்!"

அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரிகிறது. கைக்கெட்டுகிற தூரம். இருந்தும் நான் நிறுத்தினேன். இரண்டு சக்கரத்துக்கும் பெரிய கல்லாக வைத்து, நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவர்கள் உள்ளே போனார்கள். பக்கவாட்டில் இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். ஜீப் வேனைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதை எடுக்க முடியாது. பஸ் டிரைவர்தான் பின்சீட்டில் படுக்க வைத்து, எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெங்கடேஷ் ஜீப்புக்குக் காவல் இருந்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் ரோப்புக்கு முன்னால் கோலோடு நின்று ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என் கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவரே குடிக்க வைத்தார்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. காலை எடுக்க வேண்டி வருமா என்று மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன சாப்பிட்டேன், யாரிடம் பேசினேன் என்று நினைவில்லை. நான்காம் நாள், விரலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, கால் தப்பியது என்றார். ஏழு மாதம் கட்டிலில் இருந்தார். இப்போது கொஞ்சம் இழுத்து நடக்கிறார். நடக்கிறார், அது போதும்.

பொங்கல் முடிந்து புடவை, பழத்தோடு அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். பெயர் நாகம்மா. "அன்னிக்கு ஒரு ஆடு மந்தையை விட்டு ஓடிடுச்சு அக்கா. அத்தத் தேடித்தான் அந்தப் பக்கம் வந்தேன்" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். இல்லாவிட்டால் அந்த ரோட்டுக்கே வந்திருக்க மாட்டாளாம்.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: "உன் வூட்டுக்காரரு சொல்லிக்குடுத்தத நீ செஞ்சே. இதுல அம்மன் இன்னா பண்ணா?" கோபமே வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டதுதான். தெரிந்தும் முதல் தடவை ஒன்றையும் செய்யவில்லையே? கூட்டம் கத்தியது, பயத்தில் அழுத்தினேன். தெரிந்ததைச் செய்ய விடாமல் தடுத்தது அந்தப் பயம். அதை ஒரு நிமிஷத்தில் என்னிடமிருந்து எடுத்தவள் யார்? ஓடிப்போன ஆட்டின் பின்னால் நாகம்மாவை அனுப்பியவள் யார்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

இப்போது அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், நான் விஞ்சை இயக்குகிறேன். ரோப் விறைக்கிற சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பயம் வரும். அது போகவில்லை. ஆனால் ஒயரைச் சொருகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பேன். யார் கத்தினாலும் அந்த ஒரு நிமிஷத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அக்கா தங்கைகளே, மைனை மூடப்போகிறார்கள் என்று நம் லைனில் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேருடைய முகத்தில் அந்தக் கவலையை நான் பார்க்கிறேன். பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், எந்த ஊருக்குப் போவது, உள்ளே ஓடுகிற கேள்விகள் எனக்குத் தெரியும். பெரிய பெரிய வேண்டுதல் செய்யத் தெரியவில்லையே என்று நினைக்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு என்ன தேவையோ அதைத் தாயிடம் கேட்கிற மாதிரி கேளுங்கள். கேட்க வார்த்தை வராவிட்டால் சும்மா வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.