காய்ப்பு இல்லாத கை

தொலைக்காட்சியில் போர்ப் படம். கைதியைச் சுடச் சொல்கிறார் அதிகாரி. சிப்பாய் துப்பாக்கியை எறிந்துவிட்டு உரக்க நியாயம் பேசுகிறான். "நல்ல ஆமிக்காரன்ம்மா" என்றாள் மகள். எனக்கு அண்ணனின் உள்ளங்கை ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் லயம். கொழும்பில் துணிக்கடையில் நின்ற அண்ணன் தீபாவளிக்கு வந்திருந்தான். அவனிடம் அடையாள அட்டை இல்லை. போர்க்காலம் அது; காலையில் ஆமிக்காரர்கள் வெளியிலிருந்து வந்த இளைஞர்களைத் தேடி வந்து ஆண்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"எம் மகன் இங்கதான் கவ்வாத்து வெட்டுறான், சேர்" என்று அம்மா பொய் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனின் கை காய்த்துப்போயிருக்கும். அது அவர்களோடு வந்திருந்த அதிகாரிக்கும் தெரிந்திருந்தது.

"கையைப் பார்" என்று சிங்களத்தில் சொன்னார். கடைவீதியில் பழகிய சிங்களம் எனக்குப் புரிந்தது.

இளம் சிப்பாய் ஒருவன் அண்ணனின் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினான். துணி மட்டுமே மடித்த கை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.

"காய்த்திருக்கிறது, சேர்."

அவர்கள் போன பிறகும் அண்ணன் கையைத் திறக்கவில்லை. "விடுய்யா, போயிட்டாங்க" என்று அம்மாதான் பிரித்துவிட்டார்.

படத்துச் சிப்பாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுச் சத்தம் போட்டா யாரையும் காப்பாத்த முடியாது, பாப்பா" என்றேன்.