மூன்று முறை வந்த வரி

அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அசை வாத்தியார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் நடத்தினால் அதை அங்கேயே விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டார். பல் டாக்டர் "வாயைத் திறங்க" என்றால், "தேமா, புளிமா" என்று அசை பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் திறப்பார். நண்பர் ஒருவர் இறந்துபோன தம்பிக்கு இரங்கல் கவிதை எழுதி வந்து, வாசித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, "எதுகை இடிக்குதே" என்றாராம். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

அவர் மனைவிக்குத் தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் வேலை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் கவிதை என்று ஒரு வரி எழுதியதில்லை. மூன்று மாதமாக இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற அந்த அம்மாள், ஒரு நாள் எட்டு வரி எழுதி அவர் மேஜைமேல் வைத்தாள். நூலகத்தின் ஆண்டு மலரில் அது வர வேண்டும். மலருக்கு வரும் கவிதைகளைத் திருத்துவது நம் வாத்தியார்தான். அவர் கையெழுத்து விழாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

"நீங்க படிக்கணும்னுதான் எழுதினேன். நிதானமா படிங்க."

சிவப்புப் பேனா திறந்தது. 'ஈரத் தரையில், ஓரத்தில் நான்.' ஆகா, எதுகை! அந்த ஓரத்தில் கிடப்பது யார் என்று ஐயா கேட்கவே இல்லை. அடுத்த வரி: 'ஏங்க, இங்க வாங்க.' மனுஷன் துள்ளிவிட்டார்.

"அடி சக்கை! மூணு சீரும் தேமா! ஏங்க, இங்க மோனை. ஏங்க, வாங்க எதுகை! எங்க கத்துக்கிட்ட?"

"எங்கயும் இல்ல. வாயில வந்துச்சு."

அதற்கடுத்த வரியும் அதே. அதற்கும் அடுத்ததும் அதே. வாத்தியார் முகம் சுண்டிவிட்டது. சொன்னதையே சொல்வது செய்யுளில் பெருங்குற்றம் அல்லவா? சரக், சரக்கென்று இரண்டு வரியையும் அடித்தார்.

"ஐயோ, அடிக்காதீங்க! மூணும் வேணும்."

"ஒரு தடவ சொன்னா போதாதா? கேக்கறவனுக்குக் காது இல்லையா?"

"குளியலறையில வழுக்கி விழுந்த அன்னிக்கு மூணு தடவதான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்து தூக்கினாங்க."

"அன்னிக்கு நான் ஸ்கூல்ல இல்ல இருந்தேன்?"

"ஞாயித்துக்கிழமை ஏது ஸ்கூல்? இந்த நாற்காலியிலதான், தொடையில தாளம் தட்டிச் சத்தமா சீர் எண்ணிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அங்க நல்லாவே கேட்டுச்சு."

வாத்தியாருக்கு அவமானத்தில் காதெல்லாம் சிவந்தது. அடித்த வரிகளைப் பக்கத்தில் மறுபடி எழுதப் பேனாவைக் கொண்டுபோனார். அவள் தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க. அந்த ரெண்டு வரிய நானே எழுதிக்கிறேன்."