லட்டுவின் காதில் சனிக்கிழமை எண்ணெய்

சேவியருக்கு வயது அறுபத்தொன்று. நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். பிழைக்க வந்த மராத்தி ஊரான சாகணில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்து ஓய்வு பெற்றார். அந்தச் சத்தத்தில் இடது காது அடியோடு போனது, வலது காது பாதி. காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால், “எனக்குத்தான் லட்டு இருக்குல்லா” என்பார்.

லட்டு ஒரு காக்கர் ஸ்பானியல் நாய். தேன் நிறம், கழுத்துவரை தொங்கும் காதுகள். கராடியில் ஐ.டி. வேலை பார்த்த, தெரிந்தவரான ஹரீஷ் வெளிநாடு போகும்போது அதைப் போபோடியில் சேவியர் வீட்டில் விட்டுப் போனார். காலிங் பெல் அடித்தால் லட்டு ஓடிவந்து சேவியரின் லுங்கியைப் பிடித்து இழுக்கும். குக்கர் விசில் வந்தால் அடுப்படிக்கும் நாற்காலிக்குமாக ஓடும். மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பகலில் வாசலுக்கு யார் வந்தாலும் சேவியருக்குத் தெரிவது நாயால்தான்.

ஜூலை மழையில் லட்டு அடிக்கடி தலையை உதறியது, பின்னங்காலால் காதைச் சொறிந்தது. சேவியர் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தன் காதில் விட்டுக்கொண்ட கையோடு நாயின் காதிலும் விட்டார். பிறகு பட்ஸ் குச்சியால் உள்ளே துடைத்தார்.

“நாய்க்கு எதுக்குங்க எண்ணெ?” என்றார் ஸ்டெல்லா.

“சூடு ஏட்டி. மனுசனுக்கு இறங்குத சூடு நாய்க்கு இறங்காதோ?”

“உங்க காது கேக்குத லட்சணத்துல அதுக்கும் வைத்தியமா?”

சேவியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடி முழுக்கச் சனிக்கிழமைதோறும் இது நடந்தது. காதில் புளித்த வாடை வந்தது, கறுப்பாகப் பிசுபிசுப்பு சேர்ந்தது. தொட்டால் லட்டு கத்தியது. தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து நடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் பெல் அடித்து அடித்துப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டாராம். உள்ளே சேவியர் நாற்காலியில் இருந்தார். லட்டு அவர் காலடியில் படுத்திருந்தது.

“பெல் அடிச்சது உனக்கும் கேக்கலியால?” என்று சேவியர் நாயைக் கேட்டார். அன்றே ஆட்டோ பிடித்தார்கள்.

கால்நடை டாக்டர் வைஷாலி காது மடலைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். என்ன போட்டீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். சேவியர் பூண்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

“தேல் நஹீ, காகா. பில்குல் நஹீ.”

எண்ணெய் கூடவே கூடாது பெரியவரே என்று சொல்லிவிட்டு அவர் காகிதத்தில் படம் வரைந்தார். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்குகிறது. விட்ட எண்ணெய் வெளியே வராது. தொங்கும் காதுக்குள் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். குச்சி அழுக்கை எடுக்காது, இன்னும் உள்ளே தள்ளும். வாடை, வலி, தலைச்சாய்வு இருந்தால் வீட்டில் எதையும் ஊற்றாமல் முதலில் காட்ட வேண்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் மருந்தே கெடுதலாகிவிடும்.

மயக்க ஊசி போட்டுக் கழுவிய பிறகுதான் செவிப்பறை தெரிந்தது. கிழியவில்லை. ஆனால் குழாய் வீங்கிக் கிடந்தது. வீக்கம் வற்றினால் காது கேட்கும்; தடித்து அடைத்துக்கொண்டால் ஆபரேஷன். சொட்டு மருந்து எழுதித் தந்து, இப்போதைக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

வீக்கம் வற்றிய பிறகு மறுபடி போனபோது, இனி வாரம் ஒருமுறை வீட்டில் சுத்தம் செய்யும் முறையைக் காட்டினார். நாய்க்கென்று விற்கும் காது கழுவும் திரவத்தை, பாட்டில் முனை உள்ளே படாமல், குழாய் நிறைய விட வேண்டும். காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் திரவம் அடிவரை போயிருக்கிறது. பிறகு நாய் உதறட்டும். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் துடைத்தால் போதும்.

சேவியர் பிசைந்தார். சத்தம் கேட்கவில்லை. குனிந்து வலது காதை நாயின் தலையோடு ஒட்டினார். அப்போதும் கேட்கவில்லை.

“எனக்கு இங்க வரைக்கும் கேக்குது” என்றார் ஸ்டெல்லா. “போதும், விடுங்க. அது முறைக்குது.”

வைஷாலி சேவியரின் காதைப் பார்த்தார். ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது. “உங்கள் காதை எப்போது காட்டினீர்கள், காகா?” என்று கேட்டார். சேவியர் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லட்டுவுக்குக் காது சுத்தம். சேவியர் பிசைகிறார், ஸ்டெல்லா பக்கத்தில் நின்று சத்தம் வந்ததும் சொல்கிறார்.

போன ஞாயிறு சுத்தம் முடிந்ததும் ஸ்டெல்லா சொல்லாமல் வெளியே போய்ப் பெல்லை அழுத்தினார். சேவியர் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். லட்டு எழுந்து வந்து அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தது. சேவியர் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் மனைவி.

“அதுக்குச் சரியாயிட்டு” என்றார் ஸ்டெல்லா. “அடுத்து நீங்க.”

“எனக்குத்தான் அது இருக்குல்லா.”

“அதுக்குக் கேக்கலைன்னதும் அன்னைக்கு என்ன முழி முழிச்சீங்க?”

சேவியர் குனிந்து லட்டுவின் காதைத் தடவினார். வரும் வியாழக்கிழமை காலை அவர் காது டாக்டரிடம் போகிறார். ஸ்டெல்லா பள்ளியில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார்.