மருந்தில்லாத பர்மா ஊசி

அடுத்தவங்க முதுகுல ஊசி குத்திப் பொழைக்கிறவன், தன் முதுகு வலிக்குதுன்னு வெளியில சொல்ல முடியாது. கழுத்தைத் திருப்ப முடியாம உடம்போட திரும்பிப் பாக்குறவங்களே, குனிஞ்சா நிமிர யோசிக்கிறவங்களே, என் அவமானம் உங்களுக்காவது புரியும்.

ரங்கூன்ல ஒரு சீன வைத்தியர்கிட்ட கூடமாட இருந்து இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டேன். அறுபதுகளோட நடுவுல பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்தப்ப, நானும் என் சம்சாரமும் கடலூர் செம்மண்டலத்துல அவ அண்ணன் வீட்டுல போயி நின்னோம். மச்சான் நல்லவருதான். தெருப்பக்கத்து ரூமை வைத்தியத்துக்கு ஒழிச்சுக் கொடுத்தாரு. ஆனா தை மாசம் வரைக்கும்தான். அதுக்குள்ள ஆளுங்க வரலைன்னா, ரூமை விட்டுட்டு அவரோட ரைஸ் மில்லுல மூட்டை எண்ணப் போயிடணும். மச்சான் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு மச்சான்கிட்டயே கைகட்டி நிக்கிறதை நெனைச்சாலே எனக்கு உடம்பு கூசும்.

மொத ஆளு

சீனாவோட சண்டை நடந்த சூடு அப்பவும் ஆறலை. அதனால ‘பர்மா ஊசி வைத்தியம்’னு போர்டு எழுத வெச்சாரு மச்சான். மொதல்ல வந்தவரு தேவனாம்பட்டினத்து மீனவரு. வலை இழுத்து இழுத்து இடுப்பு புடிச்சுக்கிட்டவரு. குப்புறப் படுத்தவரு, நான் கொதிதண்ணியிலேருந்து ஊசியை எடுத்ததும் திரும்பிப் பாத்து, மருந்து எங்கேன்னு கேட்டாரு. மருந்தெல்லாம் கெடையாது, வெறும் ஊசிதான்னேன். எழுந்து உக்காந்துட்டாரு.

நரம்பு, சக்தி ஓட்டம்னு ரங்கூன்ல கேட்டதையெல்லாம் ஒப்பிச்சுப் பாத்தேன். கதவோரம் என் சம்சாரம், வாசல்ல பேப்பரோட மச்சான். ரெண்டு பேருக்கும் காது இங்கதான். மீனவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நிதானமாச் சொன்னாரு: “இரை மாட்டாம தூண்டில் போட்டா மீனே வராது. மருந்து இல்லாம குத்தினா வலி எப்படிப் போவும்?”

சன்னதியில ஒரு ஊசி

கடலூர்ல ஈ ஓட்டினதால, வாரத்துல ஒருநாள் சிதம்பரம் போக ஆரம்பிச்சேன். கீழவீதியில ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, ஐயரு. வருஷக்கணக்கா கழுத்து வலி. குடுமியை அவிழ்த்துவிட்டு உக்காந்தாரு. தோள்லயும் பிடரியிலயும் ஊசி வெச்சேன். பாதியிலயே கோயில் மணி அடிக்க, சாயரட்சைக்கு நேரமாச்சுன்னு பறந்தாரு. நானும் அவசர அவசரமா ஊசியை உருவினேன். முடிக்குள்ள ஒண்ணு இருந்ததைக் கவனிக்கலை.

கோயில்ல ஆம்பளைங்க சட்டை இல்லாமத்தானே நிப்பாங்க? மனுஷன் குடுமியைத் தூக்கி முடிஞ்சுக்கிட்டு சன்னதியில கைகூப்பியிருக்காரு. பிடரியில ஊசி பளபளன்னு நிக்குது. மறுவாரம் அந்த ஊசியை விபூதிப் பொட்டலத்துல மடிச்சு என்கிட்ட நீட்டினாரு. பூமி பொளந்து என்னை முழுங்கக் கூடாதான்னு இருந்துது. வாத்தியாரு சொன்னாரு: “பின்னால நின்னவாள்லாம் சாமியை விட்டுட்டு என் பிடரியைத்தான் ஓய் தரிசனம் பண்ணிண்டிருந்தா!”

பின்வாசல் வழியா

ஐப்பசி மழையில ஒரு அம்மா பின்வாசல் வழியா வந்தாங்க. தலையில முக்காடு. மீன்கூடை சுமந்து கழுத்து இறுகிப் போச்சாம். நல்லா குத்துன்னாங்க, மருந்து எங்கேன்னு கேக்கலை. நாலஞ்சு தடவை வந்ததுலயே கழுத்து ரெண்டு பக்கமும் தாராளமாத் திரும்புச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஊரு, பேரு சொல்லும்மா, நாலு பேருக்குச் சொல்லணும்னேன். அந்தம்மா முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கிட்டாங்க.

தொழில்ல எனக்குக் கெடைச்ச ஒரே ஜெயம், அதையும் மச்சான்கிட்ட சொல்லிக்க வழியில்லை. அந்தம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க: “யாரு கேட்டாலும் நான் இங்க வரவே இல்லன்னு சொல்லிடு. என் பொழப்பு போயிடும்.”

மிதி

மார்கழி கடைசி. தண்ணிக் குண்டானைத் தூக்கக் குனிஞ்சவன் குனிஞ்சபடியே நின்னுட்டேன். முதுகு புடிச்சுக்கிச்சு. என் முதுகுக்கு என் கை எட்டலை. கால் முன்னாடி வந்து பொறந்தவங்க மிதிச்சா புடிப்பு விட்டுடும்னு நம்ம பக்கத்துல ஒரு நம்பிக்கை. சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் கிள்ளையில அப்படி அஞ்சலைன்னு ஒருத்தி இருக்கா, பேர் போனவ, கெளம்பு மாப்ளேன்னாரு மச்சான். போர்டு வெச்ச வைத்தியன் மிதி வாங்கப் போறதா? மாட்டேன்னேன். வலி என் பேச்சைக் கேக்கலை. ரெண்டு பஸ் மாறிக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

அங்க வரிசையில அதே தேவனாம்பட்டினத்து மீனவரு. சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவரு நகர்ந்து எனக்கு எடம் விட்டாரு. மச்சானை வெளியில நிறுத்திட்டு என்னைப் பாயில குப்புறப் படுக்க வெச்சாங்க. அஞ்சலை உள்ள வந்தா. பாத்தா, நம்ம பின்வாசல் அம்மா! காலைத் தூக்கி முதுகுல வெச்சுட்டு, குனிஞ்சு காதோட சொன்னாங்க: “என் கழுத்தை நானே மிதிச்சுக்க முடியுமா? அதான் வந்தேன். நானும் வாயைத் தொறக்கல, நீயும் தொறக்காத. இனிமே கழுத்துன்னு வந்தா உன்கிட்ட அனுப்புறேன், முதுகுன்னு வந்தா நீ இங்க அனுப்பிடு.”

தை பொறந்தப்ப ரூம் பூரா கழுத்து வலிக்காரங்க, மச்சானும் மாப்ளேயை விட்டுட்டு என்னை டாக்டர்னே கூப்பிட ஆரம்பிச்சாரு, இந்த டாக்டரோட முதுகு மட்டும் வருஷத்துக்கு ஒருதரம் முக்காடு போடாத குறையா கிள்ளை பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நின்னுது.