பட்டறைக்குள் வந்த கைமொழி

கொரோனா ஓய்ந்து, முகக்கவசத்தை எல்லாரும் மறந்துபோயிருந்த சமயம் அது. ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு தோல் கிடங்கை வாடகைக்கு எடுத்து, ஒரு தொண்டு நிறுவனம் வெல்டிங் பயிற்சி மையம் ஆரம்பித்தது. தோல் ஷெட்டிலும் ஷூ கம்பெனியிலும் ஆர்டர் குறைந்து வேலை இழந்தவர்களுக்கு வேறொரு தொழில் கற்றுத்தர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதற்குப் பாடத்திட்டம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு நான் ஒரு கொதிகலன் கம்பெனியில் வெல்டிங் பரிசோதகராக இருந்தேன். மற்றவர்கள் வைத்த ஜாயிண்டைப் பார்த்து நல்லது, கெட்டது சொல்கிற வேலை. பாடத்திட்டம் எழுதுவது புதிது.

இந்தப் படிப்பில் மூன்று மாதம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு சான்றிதழ் வாங்கிப்போக முடியாது. ஒவ்வொரு வேலையையும் செய்து காட்ட வேண்டும். வெல்டிங் ராடைத் தகட்டில் தட்டி ஆர்க், அதாவது மின்பொறி, பிடிக்கத் தெரிந்தால்தான் நேர்கோடு போட விடுவோம். நேர்கோடு வந்தால்தான் இரண்டு தகட்டைச் சேர்க்க விடுவோம். ஒருவருக்கு ஒரு வாரத்தில் வரும், இன்னொருவருக்கு ஒரு மாதம் ஆகும். வந்தால் 'வந்தது', வராவிட்டால் 'இன்னும் வரவில்லை'. பெயில் என்ற வார்த்தையே கிடையாது.

என்னென்ன தெரிய வேண்டும் என்று நானும் எங்கள் பயிற்சியாளரும் உட்கார்ந்து எழுதினோம். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மீசை, சின்னக் குரல். 'ஆர்க்கின் சத்தத்தைக் கேட்டு, தகட்டிலிருந்து ராடு சரியான தூரத்தில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்' என்பது அவர் விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்ன ஒரு வரி. எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகக் கேட்க வேண்டும், விட்டு விட்டுக் கேட்டால் கை ஆடுகிறது என்று அர்த்தம் என்பார். அதில் தவறு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த எல்லா வெல்டர்களும் காதை வைத்துத்தான் வேலை செய்தார்கள். எழுதிக்கொண்டேன்.

சேர்க்கை நடந்த அன்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தோல் ஷெட்டில் டிரம் ஏற்றி இறக்குகிற வேலை செய்தவர். ஷெட்டை மூடிவிட்டார்கள். மனைவி ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவர். அங்கேயும் ஆள் குறைத்துவிட்டார்கள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அந்தப் பெண் கையால் அவரிடம் கேட்டு, அவர் கையால் சொன்னதை எனக்கு வாயால் சொன்னார். சிறுவயதில் சிறப்புப் பள்ளியில் கொஞ்ச நாள் கற்ற சைகையும், இவர்கள் வீட்டில் உண்டாக்கிக்கொண்ட சைகையும் கலந்த பாஷை. கணவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், நீளமான வாக்கியம் என்றால் திணறுவார்.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, பயந்திருந்தார். "காது கேக்காதவருக்கு ஆர்க் சத்தம் எப்படி மேடம் சொல்லித் தர்றது? அத விடுங்க. நெருப்பு புடிச்சா நான் இன்னான்னு கத்துவேன்?" என்றார்.

வீட்டுக்குப் போய் நாங்கள் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். நமக்கு வேண்டியது நல்ல ஜாயிண்ட். சத்தம் அதற்கு ஒரு வழி. வேறு வழியில் ஒருவர் அங்கே போய்ச் சேர முடியுமானால் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அந்த வரியை மாற்றினேன். 'ராடு சரியான தூரத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும்' என்று மட்டும் வைத்தேன். எதை வைத்து என்று எழுதவில்லை.

நெருப்புக் கேள்விக்கு மாஸ்டரே வழி சொன்னார். ஹெல்மெட் போட்டிருப்பவர் தோளைத் தட்டினால் பதறிக் கையை உதறுவார், ஆபத்து. அதனால் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வெல்டிங் செட்டின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஆர்க் செத்துவிட்டால் தானாகவே ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொருவருக்கும் சுவிட்ச் பக்கத்தில் ஒரு துணை நிற்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பயிற்சி பெறுபவர்களைத் தவிர யாரும் பட்டறைக்குள் வரக்கூடாது. மனைவி வராவிட்டால் இவரிடம் யார் பேசுவது? அதைச் சொன்னதும் அந்தப் பெண் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்போ என்னையும் சேத்துக்குங்க மேடம்" என்றார். தீப்பொறி என்றால் அவருக்கு உதறல். தீபாவளிக்கு மத்தாப்புகூடத் தூரத்தில் நின்று பார்க்கிறவராம். அப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

முதல் சில வாரங்கள் பட்டறை முழுக்க அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சொல்வதைக் கேட்டு, கணவரிடம் சொல்லி, அவர் சந்தேகத்தை வாங்கி வந்து மாஸ்டரிடம் கேட்டு, அப்புறம் தன் மேஜைக்குப் போய் ராடைப் பிடிப்பதற்குள் டீ நேரம் வந்துவிடும். கணவருக்கு நேர்கோடு வந்த அன்றைக்கு இவர் இன்னும் ஆர்க் பிடிக்கவே கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கணவருக்குத் துணையாக நின்றவர் ஆம்பூர்க்காரர், தோல் பை கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். எல்லாருக்கும் அவர் பாய். வந்த முதல் நாளே பக்கத்து மேஜையில் நின்ற இவரைத் 'தோஸ்த்', அதாவது நண்பா, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருக்குத்தான் காது கேட்காதே என்று யாரோ சொன்னதற்கு, "கேக்கலன்னா இன்னா, மூஞ்சி பாத்து சொல்றேன்ல" என்றார். பிறகு எல்லாருக்குமே அந்தக் கணவர் தோஸ்த் ஆகிப்போனார். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

மழை பெய்து வாசலெல்லாம் சேறாக இருந்த ஒரு நாள். பாய் பேண்ட்டை மடித்துவிட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொறி அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்து துணி புகைய ஆரம்பித்தது. எதிர்மூலையிலிருந்து மாஸ்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். கிரைண்டர் இரைச்சலில், ஹெல்மெட்டுக்குள் இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கே எங்கள் குரல் கேட்கவில்லை.

பாய்க்குத் துணையாக சுவிட்ச் அருகே நின்ற தோஸ்த் சட்டென்று அதை அணைத்தார். ஆர்க் போனது. பாய் ஹெல்மெட்டைத் தூக்கவும், தோஸ்த் அவர் காலைக் காட்டி, குனிந்து, தோல் கையுறையாலேயே அடித்து அணைத்துவிட்டார். கணுக்காலில் சின்னக் கொப்புளத்தோடு போயிற்று.

மறுநாள் காலை எல்லாரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிச் சொல்லும் நேரத்தில் மாஸ்டர் தோஸ்த்தை முன்னால் வரச் சொன்னார். அவர் மனைவியிடம், "நிறுத்துன்றதுக்கு இவரு கையில இன்னா சொல்வாரு, எங்களுக்குக் காட்டச் சொல்லும்மா. மெஷின் ஓடும்போது இங்க எல்லாரும் செவிடுதான்" என்றார்.

தோஸ்த்துக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மனைவியிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அப்புறம் கையை உயர்த்திக் காட்டினார். நாங்கள் எல்லாரும் செய்தோம். நெருப்பு, கரண்ட் கம்மி, கரண்ட் ஜாஸ்தி என்று வளர்ந்தது. தடித்த கையுறை போட்டால் விரல் அசைவு தெரியாது என்பதால், கை முழுவதையும் வைத்துக் காட்டுகிற மாதிரி அவரே சிலவற்றை மாற்றினார். டீ என்பதைத்தான் எல்லாரும் முதலில் தப்பில்லாமல் கற்றார்கள். ஆளுக்கொரு பெயரும் வைத்தார். மாஸ்டருக்கு மீசையை முறுக்குவது. எனக்கு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. பாய்க்கு, கணுக்காலைத் தட்டிக் காட்டுவது. பாய் அதை மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

கொஞ்ச நாளில் டீ இடைவேளையில்கூடக் கையால் பேச்சு ஓடியது. பாய்தான் அதிகம். தோஸ்த்தின் மகள் பள்ளியில் யாரோடு சண்டை போட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணும் ஓடுவதை நிறுத்தித் தன் மேஜையிலேயே நிற்க ஆரம்பித்தார்.

கடைசியில் மதிப்பீடு வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அமைதியானவர், நிதானமாகப் பார்க்கிறவர். ஒவ்வொருவரும் ஜாயிண்ட் வைத்துக் காட்ட வேண்டும், பிறகு வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தோஸ்த் வைத்த ஜாயிண்டைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையசைத்துக் கீழே வைத்தார். அடுத்தது கேள்வி. மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

அவர் உறவு என்ன என்று மதிப்பீட்டாளர் கேட்டார். சொன்னோம். குடும்பத்தார் மொழிபெயர்க்க விதியில் இடமில்லை என்றார், சங்கடத்தோடுதான். எங்கள் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. வேலூரிலிருந்து சைகை தெரிந்தவரை வரவழைக்கலாம் என்றால், மதிப்பீட்டாளர் மாலை வண்டிக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த முறை எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மனைவி முகம் செத்துப்போய்விட்டது. என்ன நடக்கிறது என்று தோஸ்த் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் கை எழவில்லை.

அப்போதுதான், காலையிலேயே தன் மதிப்பீட்டை முடித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த பாய் எழுந்து வந்தார். "நான் அவரு சொந்தம் இல்ல சார். நான் கேக்கறேன்" என்றார்.

நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மதிப்பீட்டாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பின்னால் நின்றவர்களில் ஒருவர், "தப்பா சொன்னா நாங்க சொல்றோம் சார்" என்றார். எல்லாருக்கும் தெரியுமா என்று அவர் திரும்பிப் பார்த்தார். தலைகள் ஆடின. மதிப்பீட்டாளர் சற்று யோசித்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கச் சொன்னார். பாய் கேட்டார். தோஸ்த் நீளமாக ஏதோ சொன்னார். "பொங்கலாம் சார். முந்திரிய எல்லாம் பொண்ணு பொறுக்கிட்டாளாம்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே போதும் என்பதுபோல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் வெளியே வந்தேன். அந்தப் பெண் தண்ணீர் டிரம் பக்கத்தில் பட்டறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தால் கை தானாக ஏதாவது சொல்லிவிடும், அப்புறம் பதிலைச் சொல்லிக்கொடுத்தது ஆகிவிடும் என்றார். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தார். உள்ளே தோஸ்த் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பழக்கத்தில் இடது பக்கம், மனைவி வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்ப்பதும், பிறகு பாய் பக்கம் திரும்புவதும் ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

கடைசிக் கேள்வி, ராடு சரியான தூரத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது. மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மீசையைத் தடவினார். தோஸ்த் இரண்டு கையையும் எடுத்து, அவசரப்படாமல் சொன்னார். பாய் வார்த்தை தேடித் தேடிச் சொன்னார்: "தூரம் ஜாஸ்தியானா வெளிச்சம் துள்ளுமாம் சார், பொறி செதறுமாம். கம்மியானா ராடு ஒட்டிக்குமாம். சரியா இருந்தா உருகுன எடம் சின்னதா, அடங்குன மாதிரி பின்னாடியே வருமாம். கொழந்த நம்ம பின்னாடி வர்ற மாதிரின்றாரு." பின்னால் ஒருவர், "நம்ம இல்ல, அம்மா பின்னாடி" என்று திருத்தினார். பாய் ஒப்புக்கொண்டார்.

'வந்தது' என்று எழுதிவிட்டு மதிப்பீட்டாளர் எழுந்தார். நன்றிக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்று பாயிடம் கேட்டு, தோஸ்த்தைப் பார்த்து அதைச் செய்தார்.

நான் திரும்பி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் அழுதார். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"கல்யாணம் ஆனதுலர்ந்து ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரியோ, பொண்ணு ஸ்கூலோ, நான் இல்லாம இவரு எங்கயும் பேசினதில்ல மேடம். எனக்கு ஜுரம் வந்தாகூட பயமாயிடும். நான் படுத்துட்டா இவருக்கு யாரு இருக்கான்னு. அத யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு நான் இந்தாண்ட திரும்பி நின்னேன், உள்ள பேச்சு நடந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

தோஸ்த்துக்கு அந்தத் தொழிற்பேட்டையிலேயே தண்ணீர்த் தொட்டி செய்கிற ஷெட்டில் வேலை கிடைத்தது. பாயும் அங்கேதான். காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவதைப் பல நாள் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நிமிர்ந்து நிற்கும் தகட்டில் வெல்டு வைப்பது மதிப்பீட்டு நாளில் வரவில்லை. அடுத்த முறை வந்து, யாருக்காகவும் ஓடாமல், தன் மேஜையில் நின்று செய்து காட்டிவிட்டுப் போனார். பிறகு ஷூ கம்பெனியில் ஆர்டர் வந்து கூப்பிட்டார்கள், அங்கேயே போய்விட்டார். பொறி என்றால் இன்னும் பயம்தான் என்று சிரித்தார்.

எங்கள் பாடத்திட்டத்தில் இப்போது எல்லாருக்குமான முதல் பாடமே கைமொழிதான். இதற்குப் பிறகு வேறு ஊர்களுக்கும் வேறு தொழில்களுக்கும் பாடம் எழுதியிருக்கிறேன். கற்க வருபவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுத ஆரம்பிக்கும் முன்னால், அவரைச் சுற்றி நிற்கப்போகிறவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கணவனும் மனைவியும்தான்.