சுவரைப் பார்த்த தறி

வாவிக்கரை நெசவுசாலையில் ஒருத்திக்கு நூல் அறுந்தால் பக்கத்துத் தறிக்காரி எழும்பிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொடுப்பாள். அதோடு நாலு கதையும் நடக்கும். அறுபத்திரண்டாம் ஆண்டில் வந்த மனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அங்கே நெய்துகொண்டிருந்த மேர்சியின் தறியை மூலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். அவள் வாய்க்காரிதான், இல்லையென்பதற்கில்லை. ஆனால் கை ஒருநாளும் நின்றதில்லை. அவளோடு கதைக்கிறவளுக்கு வேலை போகும் என்றார் மனேஜர். பிறகு யார் கிட்டப் போவார்கள்?

மூன்று வருடம் அறுந்த நூலுக்குத் தனியே முடிச்சுப் போட்டாள். வீட்டிலும் பேச்சு அற்றுப்போனது. சோறு இறங்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போக, சிவபாதம் மனேஜராக வந்தார். முதல்நாளே அவளுடைய அறுந்த நூலின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, “என்ன புள்ள, வாயத் திறக்கிறாயில்ல? கதைச்சா நூல் அறுந்திருமா?” என்று சிரித்தார்.

மேர்சி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“கதைக்கலாமா ஐயா?”

அவருடைய சிரிப்பு நின்றுபோனது.