முந்தக் கூடாத ஆள்

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கம்பெனியில் டெம்பரவரி. இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கிற வேலை. சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருவேன். எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தான். நாள் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது. இப்போது உயிரோடு இருக்கிறானோ இல்லையோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். டெம்பரவரி ஆட்களுக்கும் சேஃப்டி ஷூ கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. "உன் அளவுல ஒரு ஜோடி வந்துகீதுபா, நாளைக்கி வாங்கிக்கோ" என்றார் ஸ்டோர்காரர். மறுநாள் அந்த ஜோடி சூப்பர்வைசர் காலில் பளபளத்தது. அந்த ஆளின் பாதம் என்னுடையதைவிடப் பெரியது. இனாமாக வந்ததற்கு யார் அளவு பார்ப்பார்கள்? திணித்துக்கொண்டு நடந்தான்.

அந்த வாரமே ஒரு தகடு கை நழுவி, ரப்பர் செருப்புப் போட்டிருந்த என் காலில் விழுந்து கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்தது. வந்து பார்த்த சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "வேலைக்கி வர்ற லட்சணமா இது? செருப்பு மாட்டிகினு வந்தா இன்னா ஆவும்?" என்றான். என் ஷூவைப் போட்டுக்கொண்டு என்னிடமே கேட்டான்! அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இந்த வலியை இவன் அனுபவிக்க வேண்டும். கொடுத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியவும் வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்து கம்பெனி டூர். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர மலைப் பக்கம் வேன் போனது. அங்கே செங்குத்தான ஒற்றையடிப் பாதை ஒன்று, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கு இறங்கும். சூப்பர்வைசர் அதே ஷூவில் வந்திருந்தான். அப்போது எங்கள் பக்கம் சேஃப்டி ஷூவுக்கு அப்படி ஒரு மவுசு. கல்யாணத்துக்கும், ஏன், பெண் பார்க்கவும்கூட அதைத்தான் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். முனையில் இரும்புத் தொப்பி வைத்த ஷூவில் மலை இறங்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கேன்டீன் வரிசையோ கோயில் வரிசையோ, சூப்பர்வைசரை யாரும் முந்த மாட்டோம். பாதையிலும் அவன் முதலில் இறங்கினான். அடுத்து நான். மற்றவர்கள் என் பின்னால்.

கொஞ்சம் இறங்கியதுமே அவன் காலைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி வைத்தான். ஒவ்வோர் அடிக்கும் தோள் குலுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்க, விரல் போய் இரும்பில் முட்டுகிறது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

நெருங்கிப் போனேன். என் மூச்சு அவன் பிடரியில் படுகிற அளவுக்கு. அவன் எட்டி வைத்தான், நானும் எட்டி வைத்தேன்.

"இன்னாடா, மேலயே வந்து வுழற?"

"நீங்க போங்க சார், நான் வந்துகினே கீறேன்."

என்னை முன்னால் போகச் சொல்ல அவன் கௌரவம் இடம் கொடுக்காது. நிற்கவும் முடியாது, பின்னால் மொத்த ஷிஃப்ட்டும் இறங்கி வருகிறது. ஓட ஆரம்பித்தான். நானும் ஓடினேன். சரளைக்கல் எங்களுக்கு முன்னால் உருண்டது. ஒரு தடவைகூட அவனைத் தொடவில்லை. "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதில்லை.

ஆற்றோரப் பாறையில் பொத்தென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸெல்லாம் ரத்தம். இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துத் தூக்கிக்கொண்டிருந்தன. காலைத் தண்ணீரில் விட்டதும் "அம்மா" என்று அலறினான். அந்தச் சத்தம் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பியும் வந்தது. இரண்டு முறையும் எனக்கு இனித்தது.

பாதி முடிந்தது. மீதி, அவனிடம் சொல்வது. அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று வேனுக்காகக் காத்திருந்தேன். மேலே ஏறும்போது காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் தோளில்தான் தொங்கினான். பக்கத்தில் நான்தானே இருந்தேன். வேனில் எல்லாரும் உட்கார்ந்ததும் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"இவன் மட்டும் இல்லாங்காட்டி இன்னிக்கி நான் உருண்டு போய்ச் சேர்ந்துருப்பேன்டா. வுழுந்தா புடிக்கணும்னு எம் பின்னாலயே ஓடியாந்தான் பாரு! கூடப் பொறந்தவன்கூட இப்டி வர மாட்டான்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

"புடிக்க வர்ல சார்," என்றேன். "உங்க நகம் பேரணும்னுதான் ஓட வுட்டேன். அது எனக்கு வந்த ஷூ."

கைதட்டல் நின்றது. அவன் என்னையே பார்த்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "மூஞ்ச எப்டி வச்சிகினு கீறான் பாரு! செம தமாசுடா நீ!" என்றான். அவன் சிரித்ததும் மொத்த வேனும் சிரித்தது.

என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். அந்தக் கையைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் எல்லாரும் என்னைப் பாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டே வந்தேன்.